பாட்டுக்குப் பின்னால் ஒரு பெயர்: சில படங்கள், சில இசைத்தொகுப்புகள்

1902ஆம் ஆண்டு நவம்பரில், கிராமபோன் நிறுவனத்திற்காகப் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் தம் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தார். பதிவான ஒலி இசைத்தட்டாக அச்சாவதற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. எந்தத் தட்டில் இருப்பது யாருடைய குரல் என்பது அங்கிருந்த தொழிலாளர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஏற்பட்ட நடைமுறை இது. ஆனால், அத்தட்டை இன்று கேட்போருக்கு அந்த அறிவிப்பு வேறொன்றாக ஒலிக்கிறது. மணிக்கணக்கில் விரியக்கூடிய ஓர் இசையை மூன்று நிமிடத்திற்குள் அடக்கிக்கொள்ளச் சம்மதித்த ஒரு கலைஞர், தம் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்திய இசையைப் பற்றிய படங்களையும் இசைத்தொகுப்புகளையும் மதிப்பிட அந்தத் தட்டிலிருந்தே இரண்டு அளவுகோல்களைப் பெறலாம். ஒன்று, காலம்: படைப்பு இசைக்கு உரிய நேரத்தைத் தருகிறதா? மற்றொன்று, பெயர்: பாடியவர் யார், அவர் பாடுவதற்காக உழைத்தவர் யார் என்பதை அது சொல்கிறதா? கதை, நடிப்பு, ஒளிப்பதிவு ஆகியவற்றைப் பற்றி எழுதுவதற்கு ஆய்வுலகில் ஆட்கள் ஏராளம். இவ்விரு கேள்விகளையும் கேட்போர் குறைவு.

சத்யஜித் ராயின் ‘ஜல்சாகர்’ (1958) முதல் அளவுகோலில் முழுமையாகத் தேறுகிறது. தாராசங்கர் பந்தோபாத்யாயின் சிறுகதையைத் தழுவிய இப்படத்திற்கு இசையமைத்தவர் விலாயத் கான். பேகம் அக்தர், ரோஷன் குமாரி ஆகியோர் இசையரங்குகளில் திரையிலேயே தோன்றுகின்றனர். கதையை நிறுத்திவைத்து இசையைக் கேட்கச் சொல்லும் துணிவு இப்படத்திற்கு இருக்கிறது. கடைசி அரங்கில், ஆடியவருக்கு முதற்பரிசு தரக் கைநீட்டும் புதுப்பணக்காரர் மகிம் கங்குலியின் கையை ஜமீன்தார் விஸ்வம்பர் ராய் தம் கைத்தடியால் தடுத்து நிறுத்துகிறார். முதற்பரிசு தரும் உரிமை வீட்டுக்காரருக்கே என்பது அதன் பொருள். கையில் எஞ்சியிருந்த பொற்காசுகள் அத்துடன் தீர்ந்துபோகின்றன. ரசனை என்பது எவ்வளவு தூரம் உடைமையின் மறுபெயர் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி இந்தியத் திரையில் அரிது.

இரண்டாம் அளவுகோலில் படம் தடுமாறுகிறது. அந்தக் காசுகள் எந்த நிலத்தின் குத்தகை, எந்த உழவரின் வியர்வை என்பது திரைக்கு வெளியே நின்றுவிடுகிறது. பரிசு வாங்கிப் போன கலைஞர்கள் ஜமீன்கள் சரிந்தபின் என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் எழுவதில்லை. படத்தின் துயரம் கேட்டவருடைய துயரமாகவே முடிகிறது. பாடியவருடைய துயரம் அதில் இல்லை.

ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ (1960) மேலான படமாக நிற்பது இந்த இடத்தில்தான். பிரிவினையால் கல்கத்தாவின் ஓரத்தில் வந்து ஒதுங்கிய ஓர் அகதிக் குடும்பம். அண்ணன் சங்கர் மரத்தடியில் அமர்ந்து சாதகம் செய்கிறான். தங்கை நீதாவின் சம்பளத்தில் வீடு நடக்கிறது. அவள் செருப்பின் வாரும் அவன் குரலும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள். ஒரு பாடகன் உருவாவதற்கு யாரோ ஒருவர் உடலால் விலை கொடுக்கிறார் என்பதைக் கட்டக் ஒலியாலேயே சொன்னார். நீதா ஏமாற்றத்தோடு படியிறங்கும்போது கேட்கும் சாட்டையொலிக்குக் கதைக்குள் எந்தக் காரணமும் இல்லை. அதனாலேயே அது மறப்பதில்லை.

தமிழ் வாசகர் கவனிக்கத்தக்க ஒரு செய்தியும் இப்படத்தில் உண்டு. சங்கர் பாடும் ஹம்சத்வனி, முத்துசாமி தீட்சிதரின் தந்தையார் ராமசாமி தீட்சிதர் உருவாக்கியதாகக் கூறப்படும் இராகம். அது தெற்கிலிருந்து வடக்கே சென்று இந்துஸ்தானி மேடையில் நிலைபெற்றது. சங்கருக்காக அதைப் பாடிய ஏ. டி. கானன் சென்னையில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த இந்துஸ்தானிப் பாடகர். இடம்பெயர்ந்தோரைப் பற்றிய படத்தில் இடம்பெயர்ந்த இராகத்தை இடம்பெயர்ந்த குரல் ஒன்று பாடுகிறது. இப்படத்தைப் பிரிவினையின் துயரமாகவும் தாய்த்தெய்வப் படிமமாகவும் வாசிக்கும் கட்டுரைகள் நிறைய உண்டு. கானனின் பெயரையும் சேர்த்து வாசித்தால் அந்த வாசிப்புகள் இன்னும் வலுப்பெறும்.

இசைத்தொகுப்புகளில், ‘கால் ஆஃப் தி வேலி’ (1967) கேட்போர் கொண்டாடிய அளவுக்கு ஆய்வாளர் பொருட்படுத்தாதது. ஷிவ்குமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார் ஆகியவை சேர்ந்து, காஷ்மீர் இடையன் ஒருவனின் ஒரு நாளை விடியல் முதல் இரவு வரை இராகங்களின் வழியே நகர்த்துகின்றன. இதை எளிய இசை, சுற்றுலாக் காஷ்மீர் என்று ஒதுக்குவது தவறு. ஒவ்வொரு இராகத்துக்கும் உரிய பொழுது உண்டு என்ற இந்துஸ்தானி மரபை, இருபக்க இசைத்தட்டு என்ற புதிய வடிவத்தின் இலக்கணமாகவே மாற்றிய முயற்சி அது. சந்தூரும் கிதாரும் செவ்வியல் மேடைக்கு ஏற்றவையா என்ற ஐயம் நிலவிய காலத்தில், வாதம் செய்யாமல் வாசித்தே பதில் சொன்ன தொகுப்பும் கூட.

ஆயினும் குறை உண்டு. அந்த இடையனுக்குக் குரல் இல்லை. காஷ்மீரின் சூஃபியானா இசைமரபில் சந்தூரை வாசித்துக் காத்தவர்கள் இதில் நினைவுகூரப்படுவதும் இல்லை. தபேலா வாசித்த மாணிக்ராவ் போபட்கரை விட்டுவிட்டு இது மூவரின் தொகுப்பு என்றே பலரும் பேசுகின்றனர். நால்வர் வாசித்ததை மூவர் கணக்கில் எழுதும் பழக்கம் இசைவிமர்சனத்தில் தற்செயலானதன்று. தாளம் தருபவர் துணையாளர், துணையாளருக்குப் பெயர் தேவையில்லை என்ற படிநிலை அதற்குள் ஒளிந்திருக்கிறது.

மணி கவுலின் ‘சித்தேஷ்வரி’ (1989), பனாரஸின் தும்ரிப் பாடகி சித்தேஷ்வரி தேவியைப் பற்றியது. பிறந்தார், பாடினார், புகழ்பெற்றார் என்ற வரிசையை எதிர்பார்ப்பவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். பாடகியாகத் தோன்றும் மீத்தா வசிஷ்ட், இறுதியில் உண்மையான சித்தேஷ்வரி தேவியின் பதிவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடித்தவர் நடிக்கப்பட்டவருக்கு முன் மாணவியாக அமரும் அந்தக் காட்சி, வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் பலவற்றுக்கும் இல்லாத பணிவைக் காட்டுகிறது. படத்தின் மீது ஒரு புகார் நியாயமானது: இசையை முன்பே அறிந்தவருக்கே அது கதவைத் திறக்கிறது. அரசின் திரைப்படப் பிரிவு தயாரித்த படம் பொதுமக்களிடமிருந்து இவ்வளவு விலகி நிற்கலாமா என்ற கேள்விக்குக் கவுலின் ரசிகர்கள் இன்னும் சரியான விடை சொல்லவில்லை.

இந்தியன் ஓஷன் குழுவின் ‘காந்தீசா’ (2000) அந்தக் கதவை அகலத் திறந்த தொகுப்பு. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் வழிபாட்டுப் பாடலும், நர்மதைப் பள்ளத்தாக்கின் நாட்டார் பாடலும் ஒரே தொகுப்பில், ஒன்றை மற்றொன்று விழுங்காமல் இருக்கின்றன. குழுவின் ராகுல் ராம் நர்மதை இயக்கத்தில் பங்கேற்றவர். ‘மா ரேவா’ அந்தக் கரையிலிருந்து வந்த பாட்டு. அணைநீர் ஏற ஏறக் கரையிலுள்ள ஊர்கள் மூழ்கிய காலத்தில், அவ்வூர்களின் பாட்டு நகரத்து இளைஞர்களின் அறைகளில் ஒலித்தது. அது சிறிய செயலன்று. ஆனாலும் ‘மரபுப் பாடல்’ என்ற சொல்லைப் பற்றி இசைத்துறை முழுவதும் ஒருமுறை யோசிக்க வேண்டும். மரபு தானாகப் பாடுவதில்லை. ஓர் ஊரில், ஒரு வீட்டில், பெயருள்ள ஒருவர்தான் அதைப் பாடிக் காட்டியிருப்பார். உறையில் ‘மரபு’ என்று அச்சிட்டவுடன் அந்த ஒருவருக்கு உரிமையும் இல்லை, ஊதியமும் இல்லை.

சைதன்ய தம்ஹாணேயின் இரண்டு மராத்திப் படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது இந்தச் சிக்கல் இன்னும் தெளிவாகும். ‘கோர்ட்’ (2014) படத்தில் வீரா சாதிதார் ஏற்ற நாராயண் காம்ப்ளே ஒரு மக்கள் பாடகர். சாக்கடை சுத்தம் செய்யும் தொழிலாளி ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டியது அவருடைய பாட்டுதான் என்பது வழக்கு. நீதிமன்றத்தில் பாட்டு, மெட்டும் பறையும் கூட்டமும் உரிக்கப்பட்டு, வெறும் சொற்களாக வாசிக்கப்படுகிறது. இறந்தவரின் மனைவி அளிக்கும் சாட்சியமோ பாதுகாப்புக் கருவி ஏதுமின்றி மனிதர் குழிக்குள் இறக்கப்பட்டதைச் சொல்கிறது. பாட்டைச் சொற்களாகச் சுருக்கினால் அதன் மீது எந்தக் குற்றத்தையும் ஏற்றிவிடலாம் என்பதே படம் தரும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை நீதிமன்றங்களுக்கு மட்டும் உரியதன்று. பாடல்வரிகளை மட்டும் அச்சிட்டு ஆய்வேடு எழுதும் துறைகளுக்கும் உரியது.

‘தி டிசைப்பிள்’ (2020) அழகிய படம். ஆனால் ‘கோர்ட்’ படத்திற்கு ஒரு படி கீழே வைக்கத்தக்கது. இந்துஸ்தானி மாணவன் சரத், இரவுச் சாலையில் வண்டி ஓட்டியபடி, மறைந்த மேதை ஒருவரின் உரைகளைக் காதில் கேட்டுக்கொண்டே போகும் காட்சிகள் நீண்ட நாள் மனத்தில் தங்கும். திறமை போதாதவனின் பக்தியை இவ்வளவு பரிவோடு காட்டிய படம் வேறு உண்டா என்பது ஐயமே. எனினும் தூய்மை பற்றிய அந்த உரைகள் யாரை உள்ளே விட்டன, யாரை வெளியே நிறுத்தின என்று படம் கேட்பதில்லை. இறுதியில் மின்தொடர் வண்டியில் ஏறிப் பாடும் பெயரற்ற பாடகர் அந்தக் கேள்வியை எழுப்புகிறார். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

அவருடைய பெயரைக் கேட்பதிலிருந்து தொடங்கும் படம் ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ (2011). 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் தலித் மக்கள் 10 பேர் இறந்தனர். அதைத் தாளாமல் பாடகர் விலாஸ் கோக்ரே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பட்வர்தனின் முந்தைய படமொன்றில் பாடியவர் அவர். அவர் இறந்தது ஏன் என்று தேடிய பயணம் 14 ஆண்டுகள் நீண்டு, மூன்று மணிநேரத்தைத் தாண்டிய படமாயிற்று. நீளம் மிகுதி என்ற புகார் அவ்வப்போது எழுகிறது. பாட்டுகளை முதலடியோடு வெட்டியிருந்தால் படம் குறுகியிருக்கும். கோக்ரேயின் மரபைச் சேர்ந்தவர்களுக்கு யாரும் தராத நேரத்தை இப்படமும் மறுத்திருக்கும்.

ஷப்னம் வீர்மானியின் ‘ஹத்-அன்ஹத்’ (2008) கபீரைத் தேடி ராஜஸ்தானம், மால்வா, பாகிஸ்தான் என்று செல்கிறது. பிரகலாத் சிங் டிப்பாணியா, முக்தியார் அலி, பரீத் அயாஸ் என ஒவ்வொருவர் வாயிலும் கபீர் வேறாக இருக்கிறார். சுவடிகளை ஒப்பிட்டு ‘உண்மையான’ கபீரை நிறுவும் பதிப்பியல் நோக்கில் இவை பாடபேதங்கள். பாடுபவருக்கோ அதுவே கபீர். பதிப்பியல் தேவையான துறைதான். ஆனால் ஏட்டில் இருப்பதற்கு ஆதாரமதிப்பும் தொண்டையில் இருப்பதற்கு அலங்காரமதிப்பும் தருவது எந்த நெறியிலும் சேராது.

இத்தனையும் ரசனையைப் பற்றிய பேச்சாகத் தோன்றலாம். ஆனால் இழப்பு கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. 1970களிலும் 80களிலும் களஆய்வாளர்கள் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் துறைகளின் அலமாரிகளில் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. குருகிராமில், 1982இல் தொடங்கப்பட்ட இனவரைவு இசையியல் ஆவணக் காப்பகம் போன்ற சில இடங்களைத் தவிர, அவற்றைக் காப்பதற்கு ஏற்பாடு குறைவு. நாடா அழிந்தால் ஒலி போகும். நாடா பிழைத்து, மேலே ஒட்டிய துண்டுத்தாள் உதிர்ந்தால் பெயர் போகும். இரண்டாவது இழப்பை எந்தத் தொழில்நுட்பமும் மீட்காது.

செய்யவேண்டியது பெரிதொன்றும் இல்லை. ஆய்வேட்டில் நூலடைவு இருப்பதுபோல் ஒலியடைவும் இருக்கட்டும். ஒரு பாட்டைப் பற்றி எழுதுபவர் அதைப் பாடியவர், உடன் வாசித்தவர், பதிவான ஊர், ஆண்டு ஆகிய நான்கையும் குறிக்கட்டும். படத்தைப் பற்றி எழுதுபவர், திரையில் வாயசைத்தவரோடு திரைக்குப் பின்னால் பாடியவரையும் சொல்லட்டும். நெறியாளர்கள் இதை வற்புறுத்தினால் ஐந்தாண்டுகளில் இது பழக்கமாகிவிடும்.

கௌஹர் ஜானின் பெயரை எழுத ஹனோவரில் யாரோ ஒருவர் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். அவருக்கு அந்த மொழியும் தெரியாது, இராகமும் தெரியாது. பெயரைச் சரியாக எழுதவேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. மொழியும் இராகமும் அறிந்தவர்கள் அந்த அளவுக்கேனும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.