கையேடு பொய் சொன்னா யார் பொறுப்பு? (நீளமான த்ரெட்)

1/ இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்ல. சாஃப்ட்வேர் பத்தி எழுதப்போறேன். "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேக்குறவங்க ஆறாவது பதிவு வரைக்கும் மட்டும் பொறுமையா வாங்க.

2/ நான் அரசு மருத்துவமனையில வேலை பாக்குற சாதாரண எம்.பி.பி.எஸ் டாக்டர். டூட்டி இல்லாத நேரத்துல நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் நடத்துறோம். ரெண்டு டாக்டர், மூணு இன்ஜினியர். சிரிஞ்ச் பம்புல மருந்து மணிக்கு எத்தனை எம்.எல் ஓடணும்னு கணக்குப் போட்டுச் சொல்ற பைத்தான் கருவி. யாருக்கும் சம்பளம் கிடையாது.

3/ எங்க கையேட்டோட முதல் பக்கத்துல ஒரு உதாரணம் இருந்தது. டோபமைன் 200 மி.கி, மொத்தம் 50 எம்.எல் ஆகுற மாதிரி கலந்தது. நோயாளி எடை 50 கிலோ. டோஸ், நிமிஷத்துக்கு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். விடை மணிக்கு 3.75 எம்.எல். கூடவே ஒரு வரி: "எத்தனை மி.கி கலந்தீங்கன்னு குறிப்பிடலைன்னா கருவி 200-ன்னே எடுத்துக்கும்."

4/ ஒருநாள் நான்தான் மாற்றம் கேட்டேன். எங்க வார்டுல டபுள் ஸ்ட்ரெங்த், அதாவது 400 மி.கி போடுறதுதான் அதிகம், அதனால அதையே இயல்பான அளவா வைங்கன்னு. நண்பர் ஒரே ராத்திரியில மாத்திட்டார். கையேடு? அதை இன்னொரு நண்பர் தன் லேப்டாப்ல கையால தயார் பண்ணி ஏத்துவார். அவருக்கு அப்பதான் கல்யாணம் ஆகியிருந்தது. அஞ்சு மாசம் பழைய கையேடே கிடந்தது.

5/ ஒரு நைட் டூட்டி. புதுசா வந்த ஹவுஸ் சர்ஜன் பொறுப்பா கையேட்டைப் படிச்சிருக்கார். 200 மி.கி கலந்தார். எத்தனை மி.கி-ங்கிற கட்டத்தைக் காலியா விட்டார், கையேடு அப்படித்தானே சொல்லுது! கருவி 1.875-ன்னு விடை சொன்னது. பம்புல 1.9 வச்சார். நோயாளிக்குப் போனது பாதி டோஸ். பிரஷர் ஏறவே இல்ல.

6/ கண்டுபிடிச்சது நான் இல்ல. இருபது வருஷம் சர்வீஸ் போட்ட ஸ்டாஃப் நர்ஸ். "சார், சிங்கிள் ஸ்ட்ரெங்த்தானே போட்டிருக்கோம்? அஞ்சு மைக்ரோவுக்கு 3.8 ஓடணுமே, ஏன் 1.9 ஓடுது?" உடனே சரி பண்ணினோம். நோயாளி பிழைச்சு வீட்டுக்குப் போனார். ஆனா அந்த சிஸ்டர் அன்னைக்கு லீவுல இருந்திருந்தா? இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைக்குது.

7/ யார் தப்பு? கையேட்டைப் படிச்ச ஹவுஸ் சர்ஜனா? படிக்கச் சொன்னதே நாங்கதான். கோட் எழுதினவரா? நான் கேட்டதைத்தான் செஞ்சார். கல்யாணம் பண்ணவரா? அவருக்கு வாழ்த்துகள். கோட் மாறினா கையேடும் மாறணும்ங்கிற வேலையை ஒரு மனுஷனோட ஞாபகசக்தியை நம்பி விட்டோம் பாருங்க, அதுதான் தப்பு. அதுல எனக்கும் பங்கு இருக்கு.

8/ "ஏதோ ஒரு கையேடாவது இருக்கேன்னு சந்தோஷப்படுங்க"ன்னு சிலர் சொல்வாங்க. கிடையவே கிடையாது. கையேடே இல்லைன்னா ஆள் பயந்து நாலு பேரைக் கேப்பான். பழைய கையேடு இருந்தா தைரியமா தப்பு செய்வான். சி.பி.ஆர் வழிகாட்டுதல் 2010-ல மாறுச்சு. முதல்ல மூச்சுப்பாதை, அப்புறம் மூச்சு, அப்புறம் நெஞ்சை அழுத்துறதுன்னு இருந்த வரிசை, முதல்லயே நெஞ்சை அழுத்துன்னு ஆச்சு. அதுக்கப்புறமும் பழைய வரிசை போட்ட சார்ட் தொங்கின சுவரை நான் பாத்திருக்கேன். அழகா லேமினேட் பண்ணி வேற.

9/ இதைவிடப் பெரிய கதை ஒண்ணு இருக்கு. தெரக்-25. கனடாவுல தயாரான கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985-லிருந்து 1987-க்குள்ள அமெரிக்காவுலயும் கனடாவுலயும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்துடுச்சு. அதுல சிலர் இறந்தே போனாங்க. மூல காரணம் சாஃப்ட்வேர் பிழையும், அதைத் தடுக்க வேண்டிய தனி வன்பொருள் பாதுகாப்பு இல்லாததும்தான். ஆனா அதுல கையேட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

10/ 1986 மார்ச், டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரம். திரையில "மால்ஃபங்ஷன் 54"ன்னு வருது. இயக்குபவருக்குக் கொடுத்த கையேட்டுல அந்த எண்ணுக்கு விளக்கமே இல்ல. இந்த மாதிரி செய்தி அடிக்கடி வந்து போறது வழக்கம்ங்கிறதால, தொடரலாம்னு பொத்தானை அமுக்குறாங்க. உள்ள படுத்திருந்தவருக்கு ரெண்டாவது தடவையும் அடி. நம்ம ப்ராஜெக்ட் தெரக் அளவுக்குப் பெருசில்லதான். ஆனா இயந்திரம் ஒண்ணு சொல்லி, கையேடு வேற சொன்னாலோ ஒண்ணுமே சொல்லாம விட்டாலோ, நடுவுல மாட்டுறது நோயாளிதான்.

11/ சரி, வைத்தியத்துக்கு வருவோம். கையேட்டை எழுதுறது மூல வடிவத்துல, வெறும் டெக்ஸ்ட் ஃபைலா. அதை நீங்க படிக்கிற வலைப்பக்கமா மாத்துற வேலைக்குப் பேர் பில்ட். அதுக்குக் கருவிகள் இருக்கு. பைத்தான் மொழியோட சொந்தக் கையேட்டுக்காகவே கியோர்க் பிராண்டல் எழுதி 2008-ல வெளிவந்தது ஸ்ஃபிங்ஸ். இன்னும் எளிமையா வேணும்னா எம்.கே.டாக்ஸ். எல்லாமே இலவசம்.

12/ ஆட்டோமேட்டிக் பில்ட்னா இவ்வளவுதான்: கையேட்டோட மூலமும் கோடும் ஒரே ரெப்போல இருக்கும். யாராவது ஒரு மாற்றத்தை அனுப்பினா, எங்கயோ இருக்கிற ஒரு சர்வர் தானாவே கையேட்டை முதல்ல இருந்து பில்ட் பண்ணிப் பாக்கும். பில்ட் உடைஞ்சா சிவப்பு. சரியா வந்தா பச்சை. மாற்றம் மெர்ஜ் ஆனதும் புதுக் கையேடு தானாவே இணையத்துல ஏறிடும். யாரோட லேப்டாப்பும் வேணாம், யாரும் ஞாபகம் வச்சுக்கவும் வேணாம்.

13/ இதுக்குன்னே 2010-லிருந்து ரீட் த டாக்ஸ்ங்கிற சேவை இருக்கு. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்குக் காசு கிடையாது. ரெப்போல ஒரு சின்ன யாமல் ஃபைல் வச்சா போதும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்லயும் இதையே பண்ணலாம். ரஸ்ட் மொழிக்காரங்க இன்னும் ஒருபடி மேல. அவங்க பொதுக் களஞ்சியத்துல ஒரு பேக்கேஜை வெளியிட்டா, அதோட கையேடு தானாவே பில்ட் ஆகி ஒரே இடத்துல வந்து நிக்கும்.

14/ "பில்ட் ஆனா மட்டும் உங்க 3.75 தப்பு மாட்டியிருக்குமா?" நல்ல கேள்வி. மாட்டியிருக்காது. அதுக்குத்தான் டாக்டெஸ்ட். கையேட்டுல இருக்கிற உதாரணத்தை நிஜமாவே ஓட்டிப் பாத்து, அங்க எழுதியிருக்கிற விடையும் கோட் தர்ற விடையும் ஒண்ணான்னு பாக்கும். பைத்தானோடவே 2001-லிருந்து வர்ற வசதி இது. ஸ்ஃபிங்ஸ்லயும் உண்டு. இதை எங்க பில்டுல சேர்த்திருந்தா, கையேடு 3.75, கோட் 1.875, உடனே சிவப்பு. என் மாற்றம் அன்னைக்கு ராத்திரியே தடுக்கப்பட்டிருக்கும். வார்டு வரைக்கும் வந்தே இருக்காது.

15/ இன்னொண்ணு. ஸ்ஃபிங்ஸ் எச்சரிக்கை கொடுத்துட்டும் "பில்ட் முடிஞ்சது"ன்னு பல்லைக் காட்டும். உடைஞ்ச லிங்க், இல்லாத பக்கம், பேர் மாறின ஃபங்ஷன், எல்லாம் வெறும் வார்னிங்காப் போயிடும். வார்னிங் வந்தா பில்டே தோல்வின்னு ஆக்க ஒரே ஒரு எழுத்துதான்: கட்டளையில மைனஸ் போட்டு பெரிய டபிள்யூ. ரீட் த டாக்ஸ்லயும் இந்த அமைப்பு உண்டு, ஆனா நீங்களா போட்டாத்தான் வேலை செய்யும். போடுங்க.

16/ இனி வழக்கமான சால்ஜாப்புகள். முதலாவது: "எங்க ப்ராஜெக்ட் சின்னது சார்." சின்னதுங்கிறதாலதான் வேணும். பெரிய கம்பெனியில கையேட்டுக்குன்னே ஆள் இருப்பாங்க. உங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு ஆள், அவருக்கும் கல்யாணம் ஆகும், வேலை மாறும், டெங்கு வரும்.

17/ ரெண்டாவது: "ரிலீஸுக்கு முன்னாடி நான் கையால ஓட்டிடுவேன்." வார்டுல எமர்ஜென்சி ட்ராலியை "எனக்கு ஞாபகம் இருக்கு, அட்ரினலின் இருக்கும்"னு யாராவது சொன்னா விடுவோமா? ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எண்ணிப் பாத்து கையெழுத்துப் போடணும். சிஸ்டருக்கு ஞாபகசக்தி இல்லைன்னு அர்த்தமா? மனுஷ மூளை ராத்திரி மூணு மணிக்கு எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

18/ மூணாவது: "சும்மா சும்மா சிவப்பு வந்தா புதுசா வர்றவங்க ஓடிடுவாங்க." இதுல பாதி உண்மை இருக்கு. ஐ.சி.யு-ல மானிட்டர் எந்நேரமும் கத்தினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அதனால சத்தத்தைக் குறைங்க, மானிட்டரைக் கழட்டாதீங்க. முதல்ல இருக்கிற பழைய வார்னிங்கை எல்லாம் பூஜ்யம் ஆக்குங்க, அப்புறம் கறாரா இருங்க. வெளித் தளங்களோட லிங்க் பரிசோதனையை ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டாதீங்க, வாரம் ஒருதடவை தனியா ஓட்டுங்க. எவனோட சர்வரோ படுத்ததுக்கு உங்க ஆள் ஏன் அழணும்?

19/ நாலாவது: "பச்சை வந்தா கையேடு சரின்னு ஆயிடுமா?" ஆகாது. லேப்ல காலையில கன்ட்ரோல் சாம்பிள் ஓட்டுறாங்க. அது பாஸ் ஆனா இயந்திரம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். நோயாளிக்கு என்ன வியாதின்னு அது சொல்லாது. அதுக்காகக் கன்ட்ரோல் ஓட்டாத லேப்ல உங்க ரத்தத்தைக் கொடுப்பீங்களா? மனுஷன் படிச்சுப் பாக்குறது கட்டாயம் வேணும். அந்த மனுஷனோட நேரத்தை லிங்க் தட்டிப் பாக்குறதுல வீணாக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

20/ தமிழ்க் கையேடு வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு சேதி. ஸ்ஃபிங்ஸ் மூலத்தை பத்தி பத்தியாப் பிரிச்சு மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும். ஆங்கில மூலம் மாறினா, பழைய தமிழ்ப் பத்தியை அது காட்டாது. யாராவது புதுசா மொழிபெயர்க்கிற வரைக்கும் ஆங்கிலமே வரும். "பாதி ஆங்கிலமா வருதே, அசிங்கமா இருக்கே"ன்னு எங்க குழுவுலயே சண்டை. என் பதில்: டோஸ் விஷயத்துல பழைய தமிழைவிடப் புது ஆங்கிலம் மேல். அசிங்கமா இருந்தா உக்காந்து மொழிபெயர்ப்போம்.

21/ அந்த ராத்திரிக்கப்புறம் நாங்க செஞ்சது: கையேடு கோட் இருக்கிற ரெப்போக்கே வந்துடுச்சு. எல்லா உதாரணமும் டாக்டெஸ்ட் ஆச்சு. வார்னிங் வந்தா தோல்வி. ஸ்ஃபிங்ஸோட வெர்ஷன் எண்ணைப் பூட்டி வச்சோம், இல்லைன்னா அது மாறினதுக்கு நம்ம பில்ட் உடையும். ஒவ்வொரு பக்கத்துலயும் வெர்ஷன் எண் தெரியும். ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை. முக்கியமா, எத்தனை மி.கி-ன்னு சொல்லலைன்னா கருவி இப்ப கணக்கே போடாது. கையேடு பழசானது மட்டும் தப்பில்ல, கேக்காம ஊகிக்கிற கருவியும் தப்பு.

22/ டெவலப்பர் நண்பர்களே, "டாக்குமென்டேஷனை அப்புறம் பாத்துக்கலாம்"னு நீங்க சொல்ற அந்த அப்புறம், எங்க ஊர்ல ராத்திரி மூணு மணிக்கு வருது. அப்ப உங்க கையேட்டைத் திறக்கிறவன் தூங்கி இருபது மணி நேரம் ஆன ஒரு பையன். அவன் அதை நம்புவான். நம்பணும்னுதானே எழுதினீங்க?

23/ டாக்டர் நண்பர்களே, அடுத்த தடவை உங்க மருத்துவமனைக்குப் புது சாஃப்ட்வேரோ பம்போ கொண்டு வர்றவங்ககிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. "இந்தக் கையேடு எந்த வெர்ஷனுக்கானது? வெர்ஷன் மாறினா இது எப்படி மாறும்?" ரெண்டாவது கேள்விக்கு ஒரு ஆளோட பேரைப் பதிலாச் சொன்னாங்கன்னா, உஷாரா இருங்க.

24/ மேல சொன்ன டோஸ் கணக்கு விளக்கத்துக்காக மட்டும். யாரும் இதை வச்சு வைத்தியம் பண்ணிடாதீங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன். அந்த சிஸ்டர் இதைப் படிக்க மாட்டாங்க, இருந்தாலும் அவங்களுக்கு ஒரு பெரிய நன்றி. வணக்கம். 🙏