மாத்தளையில் மூன்று வகை வீடுகள்: எது சொத்து, எது வெறும் தங்குமிடம்?

2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஒன்று, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவடைந்தது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, கோப்பிக் காலத்தில் தொழிலாளர்கள் நடந்து வந்த வழியை ஒட்டி அந்தப் பயணம் அமைந்தது. காணியுரிமையும் வீட்டுரிமையும் அதன் முக்கிய கோரிக்கைகளில் அடங்கியிருந்தன.

அதே ஆகஸ்ட் மாதத்தில், அதே மாத்தளை மாவட்டத்தில், எல்கடுவ ரத்வத்தை தோட்டத்தில் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் தற்காலிக வீட்டைத் தோட்டத்தின் உதவி முகாமையாளர் ஒருவர் உடைத்தெறிந்தார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவியது. அன்றைய அமைச்சர் ஜீவன் தொண்டமான் நேரில் சென்றார். நாடாளுமன்றத்திலும் விடயம் பேசப்பட்டது.

ஆறு மாதங்கள் கழித்து, 2024 பெப்ரவரி 5ஆம் திகதி, இதே மாவட்டத்தின் தம்புள்ளை ரங்கிரி மைதானத்தில் 'உறுமய' திட்டம் தொடங்கப்பட்டது. அரச காணிகளில் அனுமதிப்பத்திரத்துடன் வாழும் 20 இலட்சம் குடும்பங்களுக்கு முழு உரிமை வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. முதற்கட்டமாக 10,000 உறுதிகள் வழங்கும் பணி அன்று ஆரம்பமானது.

இந்தச் சம்பவங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். மாத்தளையில் ஒருவருடைய வீடு விற்கக்கூடிய, வாடகைக்கு விடக்கூடிய, வங்கியில் ஈடு வைக்கக்கூடிய சொத்தா இல்லையா என்பதை வீட்டின் தரம் தீர்மானிப்பதில்லை. எந்தக் காணியில், எந்தப் பத்திரத்துடன் அது நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

உறுதி உள்ள வீடு

முதலாவது வகை, மாத்தளை நகரிலும் அதைச் சுற்றியும் உள்ள தனியார் உறுதிக் காணி வீடுகள். சிறிய அளவில் முதலீடு செய்ய நினைப்பவர்கள் தேடுவது இவற்றைத்தான். கீழ்த்தளத்தில் தாங்கள் இருந்துகொண்டு மேல்மாடியை வாடகைக்கு விடுவது, வீட்டோடு ஒட்டி இரண்டு அறைகள் கட்டி ஆசிரியருக்கோ அரச உத்தியோகத்தருக்கோ கொடுப்பது, பத்து பேர்ச்சஸ் வாங்கிப் போட்டு விலை ஏறியதும் விற்பது என்று அது நடக்கிறது.

இதற்கும் செலவு உண்டு. வாங்குபவர் முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். 30 இலட்சம் ரூபா பெறுமதியான காணிக்கு அது மட்டும் 1,19,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணமும் காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடும் செலவும் வேறு. விற்பவர் இலாபம் அடைந்தால் மூலதன ஆதாய வரியும் உண்டு. தனிநபர்களுக்கு 10 வீதமாக இருந்த அந்த வரி 2025இல் 15 வீதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் இத்தனைக்கும் பிறகு கையில் இருப்பது நீதிமன்றம் ஏற்கும் உறுதி.

இந்த உறுதி வீடுகளிலும் தமிழர்களுக்கு ஒரு பழைய கணக்கு தீராமல் இருக்கிறது. 1977இலும் 1983இலும் மாத்தளையில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. ஊரை விட்டுப் போனவர்கள் சொத்தைப் பூட்டிவிட்டோ வந்த விலைக்கு விற்றுவிட்டோதான் போக முடிந்தது. இலங்கைச் சட்டப்படி ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஒரு தனியார் காணியை ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம். போரால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் இந்த விதிக்கு விலக்குக் கொண்டுவந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கருத்தில் கொண்டாலும், பயங்கரவாதக் குழுக்களின் நடவடிக்கையால் வழக்குத் தொடர முடியாமல் போனவர்களுக்கே நிவாரணம் என்றது. கும்பல் வன்முறைக்கு அஞ்சி மாத்தளையை விட்டு ஓடியவரைப் பற்றி அது பேசவில்லை.

அனுமதிப்பத்திர வீடு

இரண்டாவது வகை, தம்புள்ளை, கலேவெல போன்ற பகுதிகளில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணிகளில் உள்ள வீடுகள். 1935இல் வந்த இந்தச் சட்டம் வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கும் பழக்கமானதுதான். பரம்பரையாக வாழலாம், பயிரிடலாம். ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி விற்க முடியாது. விரும்பியபடி குத்தகைக்கும் கொடுக்க முடியாது. தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையமும் அருகே சிகிரியாவின் சுற்றுலாவும் காணிப் பெறுமதியை உயர்த்தினாலும், இந்தக் கட்டுப்பாடு அந்தப் பெறுமதியைப் பணமாக்க விடுவதில்லை. 'உறுமய' தளர்த்த முனைந்தது இந்தக் கட்டுப்பாட்டையே. கடன்பட்ட விவசாயி காணியை விற்றுவிட்டு நிலமற்றவராகிவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. ஆனாலும் அந்தத் தெரிவாவது அவருக்குக் கிடைக்கிறது.

லயன் வீடு

மூன்றாவது வகைக்கு அந்தத் தெரிவும் இல்லை. ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளை பகுதிகளின் தோட்ட லயன்கள் அரசின் காணியில் இருப்பவை. தோட்ட நிருவாகத்தின் கையில் இருப்பவை. அங்கே குடியிருப்பவரிடம் உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. அனுமதிப்பத்திரத்தை உறுதியாக மாற்றும் எந்தத் திட்டமும் அனுமதிப்பத்திரமே இல்லாதவரைத் தொடாது.

1971இன் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் சட்டப்படி, தோட்ட நிருவாகம் வேலையிலிருந்து நீக்கிய தொழிலாளியைக் கூட நீதிமன்றக் கட்டளையின்றி லயனிலிருந்து வெளியேற்ற முடியாது. ஆனால் இது இருப்பதற்கான பாதுகாப்பு மட்டுமே. பிள்ளைகள் திருமணம் முடித்ததும் இடம் போதாமல் பக்கத்தில் கட்டிக்கொள்ளும் தற்காலிக வீட்டின் கதி என்னவென்று ரத்வத்தை காட்டியது.

ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி தன் லயன் வீட்டைச் சட்டப்படி வாடகைக்கு விட முடியாது. அதை ஈடு வைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கவும் முடியாது. அந்தப் பிள்ளை வேலைக்காக மாத்தளைக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ போனால், வேறொருவரின் உறுதி வீட்டுக்கு முற்பணமும் மாத வாடகையும் கொடுக்க வேண்டும். ஒரு தலைமுறை உழைப்பு இன்னொருவரின் சொத்தாகச் சேர்வது இப்படித்தான்.

2024 வரவு செலவுத் திட்டத்தில் பெருந்தோட்ட மக்களின் காணியுரிமைக்கு 400 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. குடும்பத்துக்குப் பத்து பேர்ச்சஸ் என்று பேசப்பட்டது. அது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இந்திய வீட்டுத் திட்டப் பயனாளிகள் 2,056 பேருக்கு ஆவணங்கள் வழங்கப்பட்டபோது, அவை உறுதிகளா, உரிமை தருவதாகச் சொல்லும் கடிதங்களா என்ற கேள்வி எழுந்தது. காணி பதிவகத்தில் அந்தக் குடும்பத்தின் பெயரில் பதிவாகும்வரை இந்தக் கேள்வி சரியானதே.

இது மாத்தளையின் கதை மட்டுமல்ல. 1977க்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன மலையகக் குடும்பங்கள் பல, போரின் எல்லா இடப்பெயர்வுகளையும் கண்டும், இன்றுவரை பிறர் பெயரிலுள்ள காணிகளில் வாழ்கின்றன. லயனில் இல்லாத பத்திரம் வன்னியிலும் கிடைக்கவில்லை.

இவர்கள் ஒன்றை மறந்துவிடக்கூடாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன், இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லும். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காசு கொடுப்பவர் காணியை வாங்கவில்லை. ஆகவே மேடையில் எந்தப் பத்திரம் தரப்பட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இது பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா? நில அளவை வரைபடம் இணைக்கப்பட்டிருக்கிறதா? யாருடைய அனுமதியும் கேளாமல் இதை என் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க முடியுமா?

மூன்றுக்கும் 'ஆம்' என்ற பதில் கிடைத்தால் மட்டுமே அந்த வீடு அந்தக் குடும்பத்தின் சொத்து.