கடைசி இரவு எந்தத் தீவில்?

அந்தமான் போகிறவர்கள் முதலில் விமான டிக்கெட் போடுவார்கள், அடுத்து ஹோட்டல். ஃபெர்ரி பற்றிய நினைப்பு கடைசியில்தான் வரும். சிக்கல் மட்டும் எதிர்த்திசையில் வரும். ஃபெர்ரி நிற்கும், அதனால் கட்டிய அறை வீணாகும், அதனால் விமானமும் கை நழுவும்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. ஆனாலும் பேச்சில் பழைய பெயர்தான் ஓடுகிறது. அங்கிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் ஃபெர்ரியில் சுமார் ஒன்றரை மணி நேரம். 2018-ல் இதற்கும் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக்கில் விமான நிலையம் கிடையாது. ஹெலிகாப்டரில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய இருக்கைகள். கடல் கொந்தளித்தால் தீவில் இருப்பவர் தீவிலேயே இருக்க வேண்டியதுதான். 2016 டிசம்பர் புயல் சமயத்தில் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய் அழைத்து வரவேண்டியிருந்தது. அந்த அளவுக்குப் புயல் வேண்டியதில்லை. ஒரு நாள் காற்று பலமாக அடித்தாலே காலை ஃபெர்ரி நின்றுவிடும்.

மதுரையிலிருந்து கிளம்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயது மாமியார். சீட்டுப் பணம் எடுத்துப் போகிற பயணம். ஏஜென்ட் கொடுத்த அட்டவணைப்படி, கடைசி நாள் காலை ஒன்பது மணிக்கு ஹேவ்லாக்கிலிருந்து ஃபெர்ரி, மதியம் ஒன்றரைக்கு போர்ட் பிளேரிலிருந்து விமானம். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஏஜென்ட் ஏன் இப்படிப் போடுகிறார் என்பதும் புரியாத விஷயமல்ல. 'ஹேவ்லாக்கில் ஒரு இரவு கூடுதல்' என்றால் பேக்கேஜ் விற்கும். 'போர்ட் பிளேரில் ஒரு இரவு சும்மா இருங்கள்' என்றால் யார் வாங்குவார்கள்?

ஜெட்டிக்கு வந்து நின்றால், இன்று ஃபெர்ரி இல்லை என்கிறார்கள். கணவருக்குக் குரல் உயர்கிறது. "எங்க ஃபிளைட் ஒன்றரைக்கு. நீங்க போட்டை நிறுத்தினா அதுக்கு யார் பதில் சொல்றது?"

கவுன்டரில் இருக்கும் இளைஞர் தமிழ்தான் பேசுகிறார். அந்தமானில் அது அபூர்வமில்லை. "சார், நாங்க நிறுத்தலை. துறைமுகத்துல அனுமதி தரலை."

அவர் சொல்வது நிஜம். ஃபெர்ரிக்காரர் தரவேண்டியது கட்டிய கட்டணம் அல்லது அடுத்த பயணத்தில் இடம். விமானத்துக்கு அவர் பொறுப்பில்லை. ஹோட்டலும் இல்லை. விமான நிறுவனமும் இல்லை, ஏனென்றால் அவர்கள் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிடும். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகளை இணைத்து வைத்திருப்பது பயணியின் மனக்கணக்கு மட்டும்தான். மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–போர்ட் பிளேர் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டவர்களுக்கும் இதே கதைதான்.

இந்த இடத்தில் மனைவி முன்னால் வருகிறார். "தம்பி, நாங்க சண்டைக்கு வரலை. இன்னிக்கு ரத்துன்னு ஒரு எஸ்.எம்.எஸ். இல்லேன்னா மெயில் அனுப்புங்க." ஜெட்டியில் கேட்க வேண்டியதில் பாதி இதுதான். அந்த ஒரு வரி ஃபெர்ரி கட்டணத்தைத் திரும்ப வாங்க உதவும், பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அங்கும் கேட்பார்கள், அன்றிரவு வேறு ஹோட்டலில் அறை போட்டிருந்தால் அங்கு பேசவும் கைகொடுக்கும். சத்தம் போட்டவருக்கு அது கிடைக்காது என்றில்லை, கடைசியில் கிடைக்கும்.

அடுத்தது போன். பெரும்பாலோர் ஏஜென்டைக் கூப்பிடுவார்கள், அவர் லைன் பிஸியாக இருக்கும். முதல் அழைப்பு விமான நிறுவனத்துக்குப் போகவேண்டும், அதுவும் விமானம் கிளம்புவதற்கு முன்பு. தேதியை மாற்றலாம், இல்லையென்றால் ரத்து செய்யலாம். டி.ஜி.சி.ஏ. விதிப்படி ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக்கூடாது. ஒன்றும் சொல்லாமல் போகாமல் விட்டால் 'நோ ஷோ' ஆகி டிக்கெட் பணம் போய்விடும். அப்போதும் வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும். சலுகை விலை டிக்கெட்டுக்கும் இது உண்டு. கேட்கிறவர்கள்தான் குறைவு.

இரண்டாவது அழைப்பு, காலையில் காலி செய்த அதே ஹோட்டலுக்கு. அந்த அறைக்கு இன்று வரவேண்டியவர்களும் அக்கரையில் மாட்டியிருப்பார்கள், அதனால் அறை சும்மா இருக்க நிறைய வாய்ப்புண்டு. ஜெட்டியில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்துவிட்டுக் கேட்டால், அதற்குள் பக்கத்தில் நின்றவர் எடுத்திருப்பார்.

மாமியாரின் பிரஷர் மாத்திரை விஷயம் இதையெல்லாம்விடப் பெரியது. ஐந்து நாள் பயணத்துக்கு எண்ணி ஐந்து நாள் மாத்திரை வைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. பத்து நாளைக்கு வைக்கவேண்டும், அதுவும் கைப்பையில். கையில் ரொக்கமும் இருக்கட்டும். ஹேவ்லாக்கில் ஏ.டி.எம். ஒன்றிரண்டை நம்பி ஊரே நிற்கும் நாள் அது.

விமானமே ரத்தானால் நிலைமை வேறு. இங்கே கவுன்டரில் அடிக்கடி வரும் பதில், "வெதர் சார், ஒண்ணும் கிடையாது." பாதிதான் உண்மை. இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். மோசமான வானிலை போன்ற காரணங்களுக்கு நஷ்டஈடு கிடையாது. ஆனால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இந்த இரண்டில் ஒன்று எந்தக் காரணமாக இருந்தாலும் உண்டு. எதை எடுப்பது என்பது பயணியின் விருப்பம். நிறுவனத்தின் தவறால் ரத்தாகி, முன்கூட்டியே சொல்லவும் இல்லையென்றால் நஷ்டஈடும் சேரும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. எனவே "காம்பன்சேஷன் கொடு" என்று ஆரம்பிப்பதைவிட "மாற்று விமானம் எப்போ?" என்று ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். கவுன்டரில் இருப்பவரால் செய்ய முடிந்தது அதுதான்.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் புகார் படிவம் எழுதி நகல் வாங்கிவிட வேண்டும். ஹோட்டலுக்குப் போய்ப் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

மீதிச் சண்டையை ஊருக்கு வந்து போடலாம். விமானப் புகாருக்கு ஏர்சேவா தளம் இருக்கிறது. ஹோட்டல், ஏஜென்ட், ஃபெர்ரி என்று எதுவானாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்காரர் போர்ட் பிளேருக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடம் அவகாசம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. அன்றைக்கு வாங்கிய அந்த எஸ்.எம்.எஸ். இங்கேயும் வேலை செய்யும்.

இவ்வளவும் மாட்டிக்கொண்ட பிறகு. அட்வான்ஸ் கட்டும் முன்பே ஏஜென்டிடம் ஒரு மாற்றம் கேட்டால் பெரும்பகுதி வராமலே போகும். ஹேவ்லாக்கை முதலில் முடித்துவிட்டுக் கடைசி இரவை போர்ட் பிளேரில் வைக்கச் சொல்லவேண்டும். ஒரு ஃபெர்ரி நின்றாலும் மறுநாள் காலை ஃபெர்ரிக்கு வாய்ப்பு மிச்சமிருக்கும், மதிய விமானமாக இருந்தால் அதையும் பிடித்துவிடலாம். செல்லுலார் சிறையை அந்த மதியத்தில் நிதானமாகப் பார்க்கலாம். அங்கே ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ராதாநகர் பீச்சில் ஒரு சூரிய அஸ்தமனம் குறைந்துவிடுமே என்று ஏஜென்ட் சொல்வார். முதல் நாள் மாலையும் அது அங்கேதான் அஸ்தமிக்கிறது.