ஒரு சொல்லும் இருபத்துநான்கு கப்பல்களும்

“கருத்து விளங்கினாற் போதாதா? சொல் எதுவாயின் என்ன?” என்று எள்ளி நகையாடுவார் எங்கும் உளர். அலுவலகங்களில் ஆணை வரைவாரிடத்தும் இந்நோய் பரவியுள்ளது. சொல்லாராய்ச்சியைப் புலவர்தம் வீண்வேலை எனக் கருதும் இன்னோர் கடற்படை வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பாராக!

கடற்படையில் செய்தியை வரைவார் ஒருவர். அதனை விடுக்க இசைவு தருவார் மற்றொருவர். முதலாமவர் பிழைப்பின் இரண்டாமவர் தடுக்க வேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம். இரண்டாமவரும் பெறுவோர் நிலையினின்று படித்துப் பாராராயின் விளைவு என்ன?

1942 சூன் 27-இல் ஐசுலாந்தினின்று உருசியா நோக்கிப் புறப்பட்டது பீ.கியூ. 17 என்னும் வணிகக் கப்பற்கூட்டம். செருமானியரின் திர்ப்பிட்சு என்னும் பெரும்போர்க்கப்பல் தாக்கவரும் என்று இலண்டன் கடற்படைத் தலைமையகம் அஞ்சியது. அது துறைமுகம் விட்டகன்றதற்குச் சான்று கிட்டவில்லை. எனினும், சூலை 4 இரவு, தலைமைப் படைத்தலைவர் தட்லி பவுண்டு முடிவெடுத்தார். மூன்று கட்டளைகள் பறந்தன.

9.11 மணிக்கு முதற்கட்டளை: காவற் பெருங்கப்பல்கள் மிகுவிரைவாக மேற்கே திரும்புக. நீர்மூழ்கிகளின் இடர் கருதியே ‘மிகுவிரைவு’ எழுதப்பட்டது, அக்கரணியமோ எழுதப்படவில்லை. 9.23-க்கு இரண்டாவது: வணிகக் கப்பல்கள் கலைந்து செல்க. ‘கலைதல்’ என்பது அணி குலைந்து ஒரே போக்கில் செல்வதைக் குறிக்கும் என்று பின்னரே நினைவுக்கு வந்தது போலும்! 9.36-க்கு மூன்றாவது: சிதறுக. திக்குக்கு ஒன்றாய்ப் பிரிந்தோடுவதே ‘சிதறல்’. தலைமையகத்தார்க்கு இது வெறுஞ் சொற்றிருத்தம். கடலில் நின்றார்க்கோ இடியேறு! முதலும் மூன்றும் ‘மிகமிக உடனடி’ என்னுங் குறியோடு வந்தமையின், பகைக்கப்பல் கண்ணுக்கெட்டும் தொலைவில் வந்துவிட்டது என்றே அவர்கள் கொண்டனர். காவலழிகலங்களும் போரெதிர்நோக்கிப் பெருங்கப்பல்களோடு சென்றன. வணிகக் கப்பல்கள் காவலற்றுச் சிதறின.

திர்ப்பிட்சு மறுநாள்தான் புறப்பட்டது. எதனையும் தாக்காமலே திரும்பியது. வானூர்திகளும் நீர்மூழ்கிகளும் வேட்டையாடின. அப்பயணத்தில் 24 வணிகக் கப்பல்கள் அழிந்தன; அவற்றுட் பெரும்பாலன அக்கட்டளைக்குப் பின் அழிந்தவை. 153 கடலோடிகள் மாண்டனர்.

“போர் நெருக்கடியில் சொல்லாராய நேரமேது?” என்பர். இருபத்தைந்து நிமையத்தில் மூன்று கட்டளை விடுக்க நேரமிருந்ததே! “பகைக்கப்பல் இன்னும் காணப்படவில்லை” என்று ஒரு வரி சேர்க்கவா நேரமில்லை? முடிவே பிழையெனினும், அதன் நிலையைத் தெளிவுறச் சொல்லியிருப்பின், களத்தில் நின்றார் தம் அறிவைப் பயன்படுத்தியிருப்பர். சொல்லின் குறை அவ்வாய்ப்பையும் பறித்தது.

சொல்வன்மைக்கும் தூதுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் மரபினர்க்கு இதனை எடுத்துரைக்கவும் வேண்டுமோ? ஆணை வரைவோர் கரணியத்தையும் உடன் வரைக! விடுப்போர் பெறுவோரின் கண்கொண்டு ஒருமுறை படித்த பின்னரே கைச்சாத்திடுக! சொல்லில் மெத்தனம் காட்டுவார் செலவிடுவது பிறர் உயிரை!