முற்றத்து நுளம்பும் வற்றிய குழாயும்

1934ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்போம். மழை பொய்த்தது, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் பறிபோயின. அந்நோயை இந்நாடு வென்றது. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. மறு ஆண்டிலோ டெங்குக் காய்ச்சல் 186,000க்கு மேற்பட்டோரைப் பீடித்து, 400க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆற்று நுளம்பை வென்ற நாம் முற்றத்து நுளம்பிடம் தோற்று நிற்கிறோம்.

திகனவில் வாழ்வோருக்கு, எதிரே விரிந்து கிடக்கும் விக்டோரியா நீர்த்தேக்கமே நுளம்பின் பிறப்பிடம் என்று எண்ணத் தோன்றும். டெங்கு நுளம்போ பெருநீர்ப் பரப்பை நாடுவதில்லை. கையளவு தெளிந்த நீர் அதற்குப் போதும். கமக்காரர் வளவில் கிடக்கும் இளநீர்க் கோம்பை, உத்தியோகத்தர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, இருவர் வீட்டிலும் சருகு அடைத்த கூரைப்பீலி! நுளம்பு பட்டமும் பதவியும் பார்ப்பதில்லை.

இவற்றினும் பெரிது தண்ணீர்ப் பீப்பாய். லயன் அறையில் வாழும் குடும்பம் ஏன் பீப்பாயில் நீர் சேர்க்கிறது? குழாயை நம்ப முடியாததால் அன்றோ? நுளம்பு பெருக இடங்கொடுப்போரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வேண்டியதே. ஆயினும், நாள்தோறும் நீர் கொடாதவர்கள் சேர்த்த நீருக்காக ஒரு தாயை மன்றில் நிறுத்துவது எவ்வகை நீதி? தோட்ட நிருவாகமும் பிரதேச சபையும் முதலில் தம் கடமையைச் செய்யட்டும்.

அதுவரை பீப்பாயின் வாயை இறுக மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை நீரின்றியும் மாதக்கணக்கில் கிடந்து, மீண்டும் நீர்பட்டதும் பொரிக்கும்.

காய்ச்சல் கண்டவருக்குப் பரசிற்றமோல் அன்றி அஸ்பிரின், இபுபுறூபன் போன்றவற்றைக் கொடுக்கலாகாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். மூன்றாம் நாளுக்குள் இரத்தத்தைப் பரிசோதித்துவிட வேண்டும். காய்ச்சல் தணிந்தது என்று வீட்டார் பெருமூச்சு விடும் வேளையே பொல்லாத வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், கைகால் சில்லிடல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

கொழுந்து பறிக்கும் தாய் ஒருநாட் சம்பளம் போய்விடுமே என்று தயங்குவதை நாம் அறிவோம். பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு செல்லும் நாளுக்கும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கத் தோட்டத் துரைமார் முன்வர வேண்டும். இங்கு சொன்னவற்றைத் தாங்கிய துண்டுப்பிரசுரம், அவள் படிக்கும் தமிழில், அடுத்த மாரி தொடங்குமுன் அவள் லயத்து வாசலுக்கு வந்து சேர வேண்டும்.