மாத்திரையும் மௌனமும்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். பெண்ணின் உடல் பற்றிய பேச்சென்றால் மட்டும், வெள்ளம் தலைக்கு மேல் போன பின்னும் நாம் வாய் திறப்பதில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். ஒருநாள் ஆணுறை கிழிந்துவிட, மறுநாளே மருந்துக் கடையில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டிருக்கிறார். கிடைத்தது ஏளனப் பார்வைதான். நாள் தள்ளிப்போயிற்று. யாரோ சொன்னதைக் கேட்டு, மருத்துவரைப் பாராமலே கருக்கலைப்பு மாத்திரையை விழுங்கினார். இரத்தப்போக்கு நிற்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்துத்தான் பிழைத்தார். "நீ படிக்கிற பெண்ணாயிற்றே, இரண்டும் வேறு வேறு என்று உனக்குமா தெரியாது?" என்று பின்னர் என்னைக் கேட்டார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். தவளையின் இனப்பெருக்க மண்டலத்தை வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்த எனக்கு, அது தெரியவில்லை. வெட்கினேன், பிறகு தேடிப் படித்தேன்.

அவசர மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதே அதன் வேலை. உருவாகிவிட்ட கருவை அது கலைக்காது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் மறுபடியும் ஒன்று எடுக்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்பு மருந்துகள் சிலவும் இதன் பலனைக் குறைக்கும். அவற்றை உண்போர் மருத்துவரைக் கேட்பது அவசியம். மாதவிலக்கு ஒரு வாரத்திற்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். இது மலடாக்கும் என்பது வீண் பயம். ஆனால், வழக்கமான கருத்தடை முறைகளைவிடப் பலன் குறைவு என்பதால் அடிக்கடி இதையே நம்பலாகாது. பால்வினை நோயையும் இது தடுக்காது.

மருத்துவர் சீட்டின்றி இதை விற்க 2005-இல் அனுமதி கிடைத்தது. ஆயினும் தமிழ்நாட்டில் பல கடைகளில் இது கிடைப்பதில்லை. எளிதில் கிடைத்தால் ஒழுக்கம் கெடும் என்கிறார்கள் சிலர். அந்த அக்காவின் ஒழுக்கத்தில் என்ன குறை கண்டார்கள்? தடுப்பு மாத்திரையை மறைத்தால், பெண்கள் ஆபத்தான மாத்திரையைத் தேடிப் போவார்கள். இதுவே நான் கண்ட உண்மை.

கல்லூரிதோறும் ஆண்டுக்கொரு முறையேனும் ஒரு பெண் மருத்துவரை அழைத்துப் பேசச் செய்ய வேண்டும். மாணவரும் உடனிருந்து கேட்க வேண்டும். தோழியரே, தோழர்களே! நாம் கற்றது தேர்வுத்தாளோடு நின்றுவிடலாமா? நம் தெருவில் இன்னோர் அக்கா கேட்கும்போது, பதில் நம்மிடம் இருக்கட்டும்.