நோய் தமிழர்க்கு, ஆய்வேடு ஆங்கிலர்க்கா?

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலக்குமி அம்மையார், ஆடவர்க்கே உரியதாயிருந்த மன்னர் கல்லூரியுள் முதற் பெண்ணாய் நுழைந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையாய் எழுந்தது. அவர் பிறந்த மண்ணில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது.

வந்தென்? அறந்தாங்கி உழவனும் ஆலங்குடிக் கூலிப்பெண்ணும் ஆய்வுக்குக் குருதி கொடுப்பர். தமிழகத்து மருத்துவ ஆய்வேடுகளோ ஆங்கிலத்தில் எழுதப்படும். கொடுத்தவர்க்கு அதில் ஓர் எழுத்தும் விளங்காது.

தமிழில் மருத்துவம் இயலாதாம்! (இவ்வாறு சொல்வோர் தமிழை முயன்று பார்த்தவருமல்லர்.) 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிரீன் தமிழைக் கற்றார், உடற்கூற்றையும் அறுவை மருத்துவத்தையும் தமிழில் நூலாக்கினார், 1864 முதல் மானிப்பாயில் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். கடல் கடந்து வந்த வேற்றுநாட்டவர்க்கு இயன்றது, வீட்டில் தமிழ் பேசும் பேராசிரியர்க்கு இயலாதா?

ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் இணைத்தாலன்றிப் பட்டமில்லை என மருத்துவப் பல்கலைக்கழகம் விதி செய்யட்டும். கலைச்சொல் இல்லையென்போர் தமிழாசிரியரிடம் வரட்டும்; ஊர்தோறும் இருக்கின்றனர்.